பாக்கியம் அக்கா கூப்பிடாத காலை

உங்கள் சூப்பர்வைசர் போன மாதம் எனக்குப் போன் செய்தார். டயாலிசிஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் நான் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். மேடையில் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளட்டும் என்றேன். "எதப் பத்தி மிஸ்ஸி எழுதுவீங்க?" என்று கேட்டார். நர்ஸை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எல்லோருக்கும் மிஸ்ஸிதான். கவனத்தைப் பற்றி என்றேன். "நல்லது லா, தியானம் அது இதுன்னு கொஞ்சம் சேர்த்து எழுதுங்க, இப்ப எல்லாரும் அதத்தான் விரும்புறாங்க," என்றார். தியானத்தைச் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். படித்து முடித்த பிறகு அவருக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை.

மிஷினை எப்படிப் பூட்டுவது, ஊசியை எந்தக் கோணத்தில் இறக்குவது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதற்கு உங்களுக்குப் புத்தகம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. என் கை ஒருமுறையும், கண் ஒருமுறையும், வாய் ஒருமுறையும் செய்த தப்புகளைச் சொல்கிறேன். மூன்றும் ஒரே வருடத்தில், மலாக்கா டவுனில் நான் வேலை பார்த்த சென்டரில் நடந்தவை. நோயாளிகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் தப்புகளில் எதையும் மாற்றவில்லை.

முதலில் கை.

சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, சாய்வு நாற்காலியில் நான்கு மணி நேரம் படுத்து, ரத்தத்தை மிஷினில் சுத்தம் செய்துகொண்டு போகிறார்கள். பத்து நாற்காலி, பத்து மிஷின். பத்தும் நாள் முழுக்க ஏதாவது ஒன்றுக்காகக் கத்திக்கொண்டே இருக்கும். குழாய் மடிந்தால் கத்தும், நோயாளி கையை அசைத்தால் கத்தும், ஒன்றுமில்லை என்றாலும் கத்தும். நீங்கள் சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடுவீர்கள். ஆறு மாதத்தில் நடப்பீர்கள். சில வருடங்களில் உங்கள் கை மட்டும் போகும், நீங்கள் போக மாட்டீர்கள்.

எனக்கு அதைச் சொன்னவர் ஜமால் பாய். டவுனில் மசாலா சாமான் கடை வைத்திருந்தவர், மூன்றாம் நாற்காலி. நான்கு மணி நேரமும் வாய் மூடாமல் பேசுவார். ஒரு நாள் நான்காம் நாற்காலியில் அலாரம் அடித்தது. நான் பக்கத்தில் யாரிடமோ பேசிக்கொண்டே கையை நீட்டி அதை அமர்த்தினேன்.

"மிஸ்ஸி, இப்ப எதுக்கு அது கத்துச்சு?" என்றார் ஜமால் பாய்.

திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

"என் கடையில ஒருத்தன் இருந்தான்," என்றார். "கதவு மணி அடிச்சா தலையத் தூக்காமலே வாங்க வாங்கம்பான். வந்தது ஆளா ஆடான்னு அவனுக்குத் தெரியாது. ஒரு நாளு நெசமாவே ஆடு வந்து கொத்தமல்லி மூட்டையில பாதியத் தின்னுட்டுப் போயிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான்காம் நாற்காலியில் குழாய் ஓர் இடத்தில் மடங்கியிருந்தது, நேராக்கிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை கார் ஓட்டிக்கொண்டு புக்கிட் பெருவாங்கில் உள்ள வீட்டுக்கு வந்தேன். கேட்டைப் பூட்டும்போதுதான், வந்த வழியில் ஒரு டிராபிக் லைட்கூட நினைவில் இல்லை என்று தோன்றியது. பச்சையில் வந்தேனா சிவப்பில் வந்தேனா என்று சத்தியமாகத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

எங்கள் தாமான் குடியிருப்பிலேயே, நாலு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற போஸ்ட் ஆபீஸ் ஊழியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு ஹாலில் தியான வகுப்பு நடத்தினார். அவரை எல்லோரும் ஐயா என்பார்கள். பன்னிரண்டு பேர் பாய் விரித்து உட்காருவோம். காவி, சாம்பிராணி ஒன்றும் கிடையாது. மூக்கு நுனியில் மூச்சு போவதையும் வருவதையும் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். மனம் ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டிவர வேண்டும். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. "என்ன வந்தாலும் வரட்டும். அரிப்பு வரும், வலி வரும், சூடு வரும். வர்றதப் பாத்துக்கிட்டே இருங்க. கை மட்டும் போகக் கூடாது."

முதல் வாரம் ஒரு கொசு என் முழங்கையில் உட்கார்ந்தது. அடிக்க எழுந்த கையைப் பிடித்து வைப்பதற்குள் வேர்த்துவிட்டது. மூன்றாவது மாதம் கொசு நிதானமாகக் குடித்துவிட்டுப் போனது, நானும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கேலி செய்தார். "கொசுவுக்குச் சோறு போடுறதுக்காடி காலையில எந்திரிச்சுப் போற?" என்பார்.

ஆனால் பலன் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அலாரம் அடித்தால் என் கை தானாகப் போவது நின்றது. முதலில் கண் போனது, பிறகு கால் போனது, கடைசியில்தான் கை. ரோட்டில் டிராபிக் லைட்டுகள் திரும்ப வந்தன. சோறு பிசையும்போது சோறு பிசைகிறோம் என்று தெரிந்தது. இப்போதும் தினமும் காலையில் இருபது நிமிடம் உட்காருகிறேன். ஆகவே, தியானம் கெட்டது என்று இந்தப் பெரியம்மா எழுதிவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாது.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எனக்குக் கிடைத்த குடையை நான் சென்டருக்குக் கொண்டுபோனேன்.

ஏழாம் நாற்காலியில் பாக்கியம் அக்கா. சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அறுபதைத் தாண்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு டவுன் பக்கம் அடுக்குமாடி வீட்டில், பேக்டரிக்கு வேலைக்குப் போகும் மகள் சாந்தியோடு இருந்தார். அவருக்கு ஏர்கான் குளிர் ஆகாது. கருஞ்சிவப்பில் பூப்போட்ட ஒரு பழைய கைலியைக் கொண்டுவந்து, கழுத்திலிருந்து கால்வரை போர்த்திக்கொள்வார். ஊசி ஏறிய கையும் அதற்குள்ளேதான் இருக்கும். ஊசி ஏறிய கையை மூடக் கூடாது என்பது சட்டம். எடுங்கள் என்று சொன்னால் எடுப்பார். நான் நகர்ந்தால் மூடிக்கொள்வார். ஆண்களும் படுத்திருக்கும் அறையில் தோள்வரை கை தெரியப் படுக்க அவருக்குக் கூச்சம். எனக்கும் அந்தக் கூச்சம் புரிந்தது. கொஞ்ச நாளில் எடுக்கச் சொல்வதை விட்டுவிட்டேன்.

அவரை எங்களில் யாரும் மறக்க முடியாததற்குக் காரணம், அவர் கூப்பிடுவார்.

"மிஸ்ஸி, இங்க வாங்க, காலு இழுக்குது."

"மிஸ்ஸி, முதுகு அரிக்குது."

"மிஸ்ஸி, இந்த டேப்பு விட்ட மாதிரி இருக்கு, பாருங்க."

"மிஸ்ஸி, மணி என்னாச்சு?"

நான்கு மணி நேரத்தில் இருபது முறை. போனால் பாதி நேரம் ஒன்றுமிருக்காது. முறை வைத்துக்கொண்டு போவோம். 'உன் மாமியார் கூப்பிடுறாங்க' என்று என்னோடு ஷிப்டில் இருக்கும் இன்னொரு மிஸ்ஸி கிண்டல் செய்வாள்.

ஒருநாள் அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முந்தி, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் அவரை ரோட்டோரம் பால் வாளிகளுக்குக் காவலாக நிற்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். லோரி வரும்வரை நகரக் கூடாது. லோரி வழியில் படுத்துவிட்டது. பொழுது சாயும்வரை இவர் சோறு தண்ணி இல்லாமல் நின்றிருக்கிறார். நின்ற இடம் செவ்வெறும்புப் புற்று.

"நவுந்து நிக்க வேண்டியதுதானேக்கா?" என்று கேட்டேன்.

"நில்லுன்னா நிக்கணும்ல மிஸ்ஸி," என்றார். காலில் இருந்த தழும்பைக் காட்டினார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மாவும் விடிகாலையில் பெரட்டு வரிசையில் பேர் கூப்பிட நின்றவர்தான். அந்தக் கதையில் எனக்குச் சொல்லப்பட்ட சேதி ஒன்று இருந்தது. வேறு யாருக்குக் கேட்காவிட்டாலும் எனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

சரி. நான் பாக்கியம் அக்காவுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கண்ணை மூடுங்கள், மூச்சைப் பாருங்கள் என்று ஆரம்பித்து, ஐயா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "என்ன வந்தாலும் வரட்டும்க்கா. இழுக்கும், அரிக்கும். பாத்துக்கிட்டே இருங்க. அது வரும், போயிரும்." கூடவே சொன்னேன்: "ஒவ்வொண்ணுக்கும் எங்களக் கூப்பிட வேணாம்."

ஜமால் பாயையும் கேட்டேன். "நான் கண்ண மூடுனா தூங்கிருவேன் மிஸ்ஸி. தூங்குனா கடைக்குள்ள ஆடு வர்ற மாதிரி கனவு வரும்," என்று ஒதுங்கிவிட்டார்.

பாக்கியம் அக்கா பிடித்துக்கொண்டார். இரண்டே வாரத்தில் இருபது முறை ஐந்தாகி, ஐந்து இரண்டாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. நான்கு மணி நேரம் சிலை மாதிரி படுத்திருப்பார். முடிந்ததும், "இன்னைக்கும் காலு இழுத்துச்சு மிஸ்ஸி, நான் பாத்துக்கிட்டே இருந்தேன், போயிருச்சு," என்று பள்ளிப் பிள்ளை மார்க்கைக் காட்டுவதுபோல் சொல்வார். நான் பெருமையாகத் தட்டிக்கொடுப்பேன். மாதாந்தரக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன், கைதட்டினார்கள். எல்லாச் சென்டரிலும் சொல்லித்தரலாம் என்றுகூட ஒரு பேச்சு வந்தது.

அப்போது நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அவருக்கு நிம்மதி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் இருந்தது, உண்மைதான். அதைவிட, அவர் கூப்பிடுவது நின்றதில் இருந்த சந்தோஷம் பெரியது. அந்த அமைதி எனக்குத் தேவைப்பட்டது. அதற்கு நான் தியானம் என்று பெயர் வைத்தேன்.

அடுத்தது கண்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மூன்றாவது மணி நேரம். அறையில் நாங்கள் இரண்டு மிஸ்ஸிகள். மற்றவள் கோடியில் பத்தாம் நாற்காலியில் வேலையாக இருந்தாள். நான் மேசையில் உட்கார்ந்து பைல் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை தலையைத் தூக்கி ஏழாம் நாற்காலியைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண் மூடி, முகம் தளர்ந்து, கைலிக்குள் அசையாமல் இருந்தார். எவ்வளவு ஆழமாக உட்கார்ந்துவிட்டார், எனக்கே இப்படி வராதே என்று நினைத்தேன். இரண்டு முறையும் பார்த்தேன், இரண்டு முறையும் அதையேதான் நினைத்தேன்.

"மிஸ்ஸி," என்றார் ஜமால் பாய். "அந்த அக்கா நாலஞ்சு தடவ கொட்டாவி விட்டுட்டாங்க."

"மெதுவாப் பேசுங்க பாய். தியானத்துல இருக்காங்க," என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். ஆனால் நிறுத்தவில்லை. "தியானத்துல கொட்டாவி வருமா மிஸ்ஸி? நான் தெரியாமத்தான் கேக்குறேன்."

டயாலிசிஸில் அடுத்தடுத்துக் கொட்டாவி வந்தால் பிரஷர் விழுகிறது என்பதை உங்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருவார்கள். எனக்கும் தெரியும். இருபது வருடமாகத் தெரியும். எழுந்து போனேன். அந்த எட்டு அடி தூரத்தைக்கூட நான் மெதுவாகத்தான் நடந்தேன், அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று. நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்று வேர்த்திருந்தது. கைலியைத் தூக்கினேன்.

மிஷினிலிருந்து ரத்தத்தை உடம்புக்குத் திரும்பக் கொண்டுபோகும் ஊசி, டேப் விட்டுப்போய்க் கழன்று கிடந்தது. மிஷின் தன் பாட்டுக்கு ஓடி, அவர் உடம்பின் ரத்தத்தை நாற்காலி மெத்தையில் ஊற்றிக்கொண்டிருந்தது. ஊசி இப்படிக் கழலும்போது மிஷின் சில சமயம் கத்தாது. அன்று கத்தவில்லை. கருஞ்சிவப்புக் கைலி என்பதால் மேலே நனைந்ததும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு செய்ததை விவரிக்க மாட்டேன். நீங்கள் படித்ததைத்தான் செய்தோம், வேகமாகச் செய்தோம். மிஷினை நிறுத்தி, ஊசித் துவாரத்தை அழுத்தி, காலை உயர்த்தி, டாக்டரையும் ஆம்புலன்சையும் கூப்பிட்டோம். அந்த நேரத்தில் என் கவனம் ஊசிமுனை மாதிரிதான் இருந்தது. ஆபத்து கண்ணுக்குத் தெரிந்த பிறகு எல்லோருக்கும் கவனம் வந்துவிடும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கண் திறந்தார். "ஏன்க்கா கூப்பிடல?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத நேரம், ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"ஈரமா இருந்துச்சு மிஸ்ஸி," என்றார். குரலே இல்லை. "கொஞ்சம் சூடாவும் இருந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன்."

அப்போதும் அவர் முகத்தில் மார்க் காட்டும் பிள்ளையின் களை இருந்தது. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

கடைசியாக வாய்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அன்று மதியமே நான் ரிப்போர்ட் எழுத வேண்டியிருந்தது. படிவத்தில் ஒரு வரி: நோயாளி முன்கூட்டி ஏதாவது தெரிவித்தாரா? 'ஈரத்தை உணர்ந்தும் தெரிவிக்கவில்லை' என்று எழுதினேன். போர்த்தியிருந்தாரா? 'போர்த்தக் கூடாது என்று பலமுறை சொல்லியும் போர்த்தியிருந்தார்' என்று எழுதினேன். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. படித்துப் பார்த்த மேனேஜர், "உங்க மேல ஒண்ணும் இல்ல மிஸ்ஸி, தாப்பா, பரவால்ல," என்று தோளைத் தட்டினார்.

மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாக்கியம் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிழைத்துவிட்டார். சாந்தி பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டிருந்தாள். பயந்துபோன பிள்ளைகள் அப்படித்தான் திட்டும்.

"வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்லிச் சொல்லித்தானே எங்கள வளத்த? ஈரமா இருக்குன்னு சொல்ல ஒனக்கு என்ன கேடு? சாகறதுன்னா சொல்லிட்டுச் சாவும்மா!"

"என் தப்புதான்," என்றார் பாக்கியம் அக்கா. "அசந்துட்டேன்."

அசரவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, கண்ணைப் போர்வைக்குத் தாழ்த்தினார். என்னைக் காப்பாற்றினார். உயிர் போய்த் திரும்பிய மூன்றாம் நாள், படுக்கையிலிருந்து, என் வேலையைக் காப்பாற்றினார்.

சாந்தி என் பக்கம் திரும்பினாள். "சாரி மிஸ்ஸி. எங்கம்மாவால உங்களுக்கும் கஷ்டம்."

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? மூச்சைக் கவனித்தேன். உள்ளே போனது, வெளியே வந்தது. நெஞ்சில் ஏதோ அடைத்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. "பரவாயில்லம்மா," என்று சொல்லி, பழத்தை வைத்துவிட்டு வந்தேன். ஒளிந்துகொள்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. யாரும் தேடிவர மாட்டார்கள், நமக்கும் ஞானி மாதிரி இருக்கும்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்தேன். மூச்சைத் தேடினால் "சாரி மிஸ்ஸி" என்பதுதான் கேட்டது. திட்டாமல் திரும்பக் கூட்டிவந்தேன். மறுபடி "சாரி மிஸ்ஸி". போகாத ஒன்றும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லோரும் போன பிறகு ஐயாவிடம் முழுவதையும் சொன்னேன். "நான் அத யோசிக்கவே இல்லம்மா," என்றார். "இந்த ஹால்ல கொசு மட்டுந்தானே கடிக்குது." அடுத்த வாரத்திலிருந்து அவர் வகுப்பைத் தொடங்கும்போது, உடம்புக்கு வித்தியாசமாக எது பட்டாலும் உடனே கண்ணைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று முதலில் சொல்வார். அவர் குருவாக இருந்ததற்கு நான் மரியாதை கொடுப்பது அதற்காகத்தான்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் ரிப்போர்ட்டைத் திரும்பக் கேட்டேன். தெரிவிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தவள் நான், போர்வையை எடுக்கச் சொல்வதை நிறுத்தியவளும் நான் என்று சேர்த்து எழுதினேன். அவர் முகம் சுருங்கியது. "எழுதணும்னு அவசியமா மிஸ்ஸி?" என்றார். எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஷிப்ட் பொறுப்பிலிருந்து ஒரு வருடம் நீக்கினார்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவளிடம் லீவுக்கு அனுமதி கேட்டு நின்றேன். கசப்பாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ரிப்போர்ட்டைத் திருத்திய அன்று மாலையே சாந்தியின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நீங்க சொன்னீங்கன்னா எங்கம்மா தீயிலயும் நிக்கும் மிஸ்ஸி," என்றாள். "அது உங்களுக்குத் தெரியாதா?" பிறகு கதவைச் சாத்தினாள். அம்மாவை வேறு சென்டருக்கு மாற்றப்போவதாகக் கேள்விப்பட்டேன். மாற்றுவதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த இரண்டு வாரமும், ஏழாம் நாற்காலியில் வேறு யாராவது உட்காரும்போதெல்லாம் நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் பாக்கியம் அக்கா வந்தார். சாந்தி பேக்டரிக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என்னோடு பேசவில்லை. "அம்மா அடம் புடிச்சுச்சு, வேற எடத்துல யாரையும் தெரியாதாம்," என்று ஜமால் பாயிடம்தான் சொன்னாள்.

அன்றைக்கு வெள்ளைத் துண்டு விரித்து, கையை மேலே வைத்தோம். தோள்வரை மூடுகிற மாதிரி, முழங்கைக்கு மேலே ஒரு தனித் துணி சுற்றிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஆனால் அவர் கூப்பிடவில்லை. கண்ணையும் மூடவில்லை. விட்டத்தைப் பார்த்தபடி, மண்டோர் நிறுத்திவைத்த ஆள் மாதிரிக் கிடந்தார். ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நானே போய் ஊசியைப் பார்த்தேன், கையைத் தொட்டேன். ஒவ்வொரு முறையும், "ஒண்ணும் இல்ல மிஸ்ஸி, போங்க," என்றார்.

மூன்றாவது மணி நேரத்தில் என்னால் முடியவில்லை. நாற்காலி ஓரம் குனிந்தேன். "அக்கா, கூப்பிடுங்கக்கா. முன்ன மாதிரி."

"எதுக்கு மிஸ்ஸி? உங்க வேலையக் கெடுக்கவா?"

"அதுதான்க்கா என் வேலை. நான் சொல்லிக்கொடுத்தது தப்பு."

அவர் மறுபடி விட்டத்துக்கே கண்ணைத் திருப்பிக்கொண்டார். கதவருகே சாந்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். பைலைத் திறந்தேன், ஒரு எழுத்தும் ஏறவில்லை. இந்த அறையில் பத்து மிஷின் வைத்திருக்கிறோம். இவர் பதினொன்றாவது, கழன்ற டேப்பைக்கூடச் சொல்லத் தெரிந்தவர். மற்ற அலாரத்தை எல்லாம் பார்த்து அமர்த்தப் பழகியவள், இதைப் பார்க்காமலே அமர்த்தியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ்ஸி, இங்க வாங்க!"

பேனா எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடினேன். கையைப் பார்த்தேன், டேப்பைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"என்னக்கா? என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்ல மிஸ்ஸி," என்றார் பாக்கியம் அக்கா. "வர்றீங்களான்னு பாத்தேன்."

கதவருகே சாந்தி எழுந்தாள். ரொட்டி வாங்கிவருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள். அன்று முழுவதும் அவள் அந்த நாற்காலியைவிட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். போனேன்.